ஆயாவின் பெயர் என்ன?

எங்கள் குளுவாங் வட்டாரச் செயலவைக் கூட்டத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தில் இருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

கையிருப்பில் கொஞ்சம் பணம் இருந்தது. தீபாவளிச் சந்தையில் முறுக்கும் நெய் உருண்டையும் விற்றுச் சேர்த்த காசு. அதோடு ஒரு நல்லவர் பெயர் சொல்லாமல் கொடுத்த நன்கொடை. அதை எதற்குச் செலவு செய்வது என்று பேச்சு வந்தது. வழக்கம்போல எஸ்.பி.எம். மாணவர்களுக்கு டியூசன் வைக்கலாம் என்றார்கள். அப்போது உறுப்பினரான ஒரு தங்கை எழுந்து, "நம்ம பிள்ளைங்க ரெண்டு மூனு பேர குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்கு அனுப்பலாமே. இங்க கைக்குழந்தைங்கள பாத்துக்க ஆளே இல்ல" என்று சொன்னாள்.

எங்கள் ஆலோசகர், எல்லாரும் அங்கிள் என்று அழைக்கும் பெரியவர், சிரித்துவிட்டார். "என்னா தங்கச்சி, புள்ள வளக்கறதுக்கு ஒரு படிப்பா? நாங்கல்லாம் தோட்டத்துல ஆயாக் கொட்டகையில வளந்தவங்க. அந்த ஆயா என்னா டிப்ளோமாவா வச்சிருந்துச்சி?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தத் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அங்கிள், அந்த ஆயா பேரு என்ன?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "பேரு... ஆயாதான்" என்றார்.

முடிவு எடுக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் கேட்டேன். மூன்று வயது வரை நானும் ஆயாக் கொட்டகையில் கிடந்தவன்தான். அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். ஆயாவின் மகன் எந்தத் தோட்டத்துக்கு மாறிப் போனார், ஆயாவுக்கு எந்தக் காலில் வீக்கம் இருந்தது, எல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பெயர் மட்டும் வரவில்லை. அந்த ஒரு மாதம் நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொட்டகை இருந்த காலம்

தம்பி தங்கைகளில் பலர் தோட்டத்தைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும். பெயர் கூப்பிடும் நேரத்தில் ஆள் இல்லையென்றால் அன்றைய பேர் இல்லை, சம்பளம் இல்லை. அம்மா அப்பா ரெண்டு பேருமே பால்மரம் வெட்டப் போவார்கள். அப்படியானால் கைப்பிள்ளையை என்ன செய்வது? தூக்கத்திலேயே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கொட்டகையில் கட்டியிருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவார்கள். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து தூக்கிக்கொள்வார்கள்.

ஆயா என்பவர் பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத அளவுக்கு வயதானவர், அல்லது உடம்புக்கு முடியாதவர். அவர் கையில் பத்துப் பிள்ளைகள் இருக்கும், இருபதும் இருக்கும். ஒன்று அழுதால் இன்னொன்று அழும். கஞ்சி காய்ச்சுவதும், துடைப்பதும், தூங்க வைப்பதும், எறும்பு கடிக்காமல் பார்ப்பதும் அந்த ஒரு ஆள்தான். நாம் இன்றைக்கு அதை நினைத்து உருகிப் பேசுகிறோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கொட்டகையை முதலாளி கட்டினது பிள்ளைகள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. அம்மாக்காரி மரம் வெட்ட வரவேண்டும், அதுக்குப் பிள்ளை எங்கேயாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயாவின் அன்பு, அந்தக் கணக்குக்குள் யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த ஒன்று.

இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. வேலைக்குப் போகிறவரின் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டமும் தோட்ட முதலாளிகளுக்குக் குழந்தைப் பராமரிப்பு இல்லம் பற்றிய கடமையை எழுதி வைத்திருக்கிறது.

அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டு போடப்பட்டன. நம் இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். ரெங்கம், பாலோ, நியோர், லாயாங்-லாயாங் பக்கம் இருந்த நம் குடும்பங்கள் லயத்தை விட்டுவிட்டுக் குளுவாங்கைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு வந்தன. வரும்போது சாமி படத்தைக் கொண்டு வந்தோம், ஆட்டுக்கல்லைக் கொண்டு வந்தோம். கோயிலைக்கூடச் சில இடங்களில் பெயர்த்துக் கொண்டு வந்தோம். ஆயாக் கொட்டகையை மட்டும் யாரும் கொண்டு வரவில்லை.

இன்றைக்கு விடியற்காலையில்

இப்போதும் விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பிரட்டுக்குப் பதில் கம்பெனி பஸ். கூலாய், செனாய், பாசிர் கூடாங் வரைக்கும் போகிறார்கள், சிலர் சிங்கப்பூர் வரைக்கும். பிள்ளையை யாரிடம் விடுகிறார்கள்? பாட்டி இருந்தால் பாட்டி. பாட்டி இல்லாவிட்டால் நான்காவது வீட்டு அக்கா, பின் வரிசை அத்தை. அந்த அத்தைக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் முடியாது என்று சொல்ல மனசு வராது, மாதம் முந்நூறு வெள்ளியும் தேவையாக இருக்கிறது. அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஒரு டிவி, ஒரு கைப்பேசி.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளை அல்லது அதற்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டால், அது ஒரு 'தாஸ்கா'. சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். பராமரிப்பாளர் அடிப்படைப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியர் விஷயத்தில் இன்னும் மேலே போய், 2013 முதல் 2025 வரையிலான தேசியக் கல்விப் பெருந்திட்டம், 2020-க்குள் எல்லாருக்கும் குறைந்தது டிப்ளோமா இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் நம் பின் வரிசை அத்தை குற்றம் செய்கிறார். அந்த அத்தை இல்லாவிட்டால் நாளைக்கு ஐந்து அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது. இதில் யார் பக்கம் நியாயம்? இங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது. மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: பாசம் இருந்தால் போதாதா?

அங்கிள் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. பாசத்தைப் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுக்க முடியாது. சுவரில் சர்ட்டிபிகேட் மாட்டி வைத்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். பெற்ற அம்மாவுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மா பார்ப்பது தன் ஒரு பிள்ளையை. பிறந்த நாள் முதல் அவளுக்கு அதன் அழுகை தெரியும். பராமரிப்பாளர் பார்ப்பது பிறர் பிள்ளைகள் ஐந்து பேரை, ஒரே நேரத்தில். ஒன்றுக்குக் காய்ச்சல் வருகிறது, ஒன்று கடலையை விழுங்கித் தொண்டை அடைக்கிறது, ஒன்று கதவு வரைக்கும் போய்விட்டது. கைக்குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும் என்பது பாசம் இருந்தால் தானாகத் தெரிந்துவிடாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். தொண்டை அடைத்த பிள்ளையின் முதுகில் எப்படித் தட்டுவது என்பதும் அப்படித்தான். அந்த நேரத்தில் பாசம் உள்ளவர் கதறி அழுவார், பயிற்சியும் உள்ளவர் பிள்ளையைக் காப்பாற்றுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பார்த்துக்கொண்டவர் நல்லவர், பையன் மேல் உயிரையே வைத்திருந்தார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்றார். வீட்டிலும் சரி என்று விட்டுவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் ஆசிரியை சந்தேகப்பட்டு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மொழி வேர் பிடிக்கும் ஐந்தாறு வருஷம் அவனுக்கு ஓசை இல்லாமல் போய்விட்டது. இதில் கெட்டவர் யாரும் இல்லை. எல்லாரும் அவன் மேல் பாசமாகத்தான் இருந்தார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில், 1962-க்கும் 1967-க்கும் இடையில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெரி பாலர் பள்ளி ஆய்வு என்று சொல்வார்கள். 58 பேருக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் பேசினார்கள். மற்ற 65 பேருக்கு அது கிடைக்கவில்லை. நாற்பது வயது வரை ரெண்டு குழுவையும் தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் பள்ளி கிடைத்தவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் முன்னால் இருந்தார்கள், போலீஸ் வழக்குகளில் சிக்கியதும் குறைவு. நம் சமூகத்து இளைஞர்கள் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள் என்று பதினேழு வயதில் கவலைப்படுகிறோம், மாநாடு போடுகிறோம். மூன்று வயதில் அந்தப் பையன் எங்கே இருந்தான் என்று கேட்டோமா?

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் இது: பாசம் வேண்டும், ஆனால் அது போதாது. பயிற்சி கேட்பது ஆயாவைக் குறைத்துப் பேசுவது ஆகாது. அந்தக் கையோடு இந்த அறிவும் சேர்ந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும் என்று கேட்பதுதான் அது.

இரண்டாம் கேள்வி: இது சேவையா, தொழிலா?

நம் இயக்கத்தில் 'சேவை' என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறோம். நல்ல சொல். ஆனால் சில நேரம் அந்தச் சொல் ஆபத்தானது. யாருக்காவது சரியான சம்பளம் கொடுக்க நமக்கு மனமில்லை என்றால், அவர் வேலைக்குச் சேவை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

எங்கள் கோயிலில் தேவார வகுப்பு எடுத்த ஓர் அக்கா இருந்தார். பிள்ளைகள் என்றால் உயிர். கடன் வாங்கி டிப்ளோமா முடித்து, ஒரு பராமரிப்பு மையத்தில் சேர்ந்தார். காலை ஆறரைக்குப் போனால், கடைசிப் பெற்றோர் வரும் ஏழு மணி வரைக்கும் இருக்க வேண்டும். சம்பளம் உயரவில்லை. எட்டு மாதத்தில் விட்டுவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். "தம்பி, அங்க சர்க்கிட் போர்டப் பாத்துக்கறதுக்கு, புள்ளயப் பாத்துக்கறத விட அதிகம் குடுக்கறாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, மைய நடத்துநர்தான் வில்லனா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. மொத்தம் 1,921. ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒருவர் என்றால், ஒரு குழந்தைக்கு 640 வெள்ளி. வாடகை, சாப்பாடு, மின்சாரம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவும் தொழிற்சாலையில் 1,700-தான் வாங்குகிறார் என்றால், சேமநிதி பிடித்தது போகக் கைக்கு வருவது 1,500 சொச்சம். அதில் 640 போனால், அவர் எதற்கு வேலைக்குப் போகிறார்?

இந்தக் கணக்கு முட்டுகிறது பாருங்கள். பராமரிப்பாளருக்கு நியாயமாகக் கொடுத்தால் ஏழை அம்மாவால் கட்ட முடியாது. அம்மாவால் முடிந்த தொகையை மட்டும் வாங்கினால், பராமரிப்பாளர் பட்டினி. பதிவு பெற்ற மையத்துக்குக் கட்டும் தொகைக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரியில் சலுகை உண்டு. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. ஆக, யாராவது ஒருத்தர் நட்டப்படாமல் இந்தக் கணக்கு நேராகாது. இவ்வளவு நாளும் அந்த நட்டத்தை யார் தாங்கியது? ஆயா. பின் வரிசை அத்தை. எட்டு மாதம் தாங்கிப் பார்த்த அந்த அக்கா. எல்லாரும் பெண்கள், எல்லாரும் ஏழைகள். நாம் அதற்குத் தாய்மை என்று பெயர் வைத்தோம்.

இந்தியாவிலும் இதே கதைதான். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிகள் வந்தன. கிராமத்துக் குழந்தைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாம் அந்த ஊர்ப் பெண்ணின் கையில். ஆனால் அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லவில்லை, மதிப்பூதியம் என்றார்கள். ஏனென்றால் அவர் 'சேவை' செய்கிறாராம். 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பு சொன்னது. திட்டம் தொடங்கி நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, நீங்கள் செய்வது வேலை என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் முருகனை நினைத்துப் பார்க்கிறேன். சரவணப் பொய்கையில் அவனைத் தூக்கிப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பெற்றவர்கள் அல்ல, வளர்த்தவர்கள். அவர்கள் பெயரால்தான் அவன் கார்த்திகேயன். அவர்கள் நட்சத்திரம் வரும் நாளில் நாம் விரதம் இருக்கிறோம். வளர்த்த கைகளுக்கு அவ்வளவு பெரிய இடம் கொடுத்த சமயம் நம்முடையது. கடவுளே தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயரைச் சுமக்கிறான். நாமோ ஆயாவின் பெயரைக் கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே என் பதில்: மனசில் சேவையாக இருக்கட்டும், தவறில்லை. அது செய்கிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். பெற்றுக்கொள்கிறவர் சொல்லக் கூடாது. பெற்றுக்கொள்கிற நமக்கு அது தொழில், அதற்குரிய கூலி நம் கடன்.

மூன்றாம் கேள்வி: இது யார் கடமை?

"பெத்தவங்கதான் பாக்கணும்" என்பது முதல் பதில். பெற்றவர்கள் பார்க்காமல் இல்லை, பார்ப்பதற்காகத்தான் வேலைக்கே போகிறார்கள். "கவர்மென்ட் செய்யணும்" என்பது அடுத்த பதில். அதுவும் சரிதான். கெமாஸ் போன்ற அரசு அமைப்புகள் கம்பங்களில் பாலர் பள்ளிகள் நடத்துகின்றன, தேசியப் பள்ளிகளிலும் தமிழ்ப் பள்ளிகள் சிலவற்றிலும் பாலர் வகுப்பு இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதுக்கு மேல், அதுவும் மத்தியானத்தோடு முடிந்துவிடும். கம்பெனி பஸ் திரும்பி வருவது ராத்திரி. கைக்குழந்தைக்கு அங்கே இடம் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலாளிகளையும் கேட்க வேண்டும்: அன்றைக்குத் தோட்டத்து முதலாளிக்கு இருந்த கடமை, இன்றைக்கு நம் அம்மாக்களின் உழைப்பில் நடக்கும் தொழிற்சாலைக்கு ஏன் இல்லை?

ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் பிள்ளை வளர்வதை நிறுத்தாது. அதனால் சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

மேற்கு இந்தியாவில் தாராபாய் மோடக் என்று ஓர் அம்மையார் இருந்தார். 1945-இல் போர்டி என்ற கிராமத்தில் குழந்தைக் கல்வி மையம் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக், சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பக்கத்தில் இருந்த பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு மாடு மேய்க்க வேண்டும். வராத பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடிசைகளின் முற்றத்துக்கே போனார்கள். முற்றம் என்பதற்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர், அங்கன்வாடி என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. விலை உயர்ந்த மாண்டிசோரி சாமான்களுக்குப் பதிலாக, விதையும் கூழாங்கல்லும் இலையும் வைத்துப் பாடம் நடத்தினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பட்டணத்து ஆசிரியர் கிராமத்துக்கு வந்தால் பஸ் எப்போது என்று பார்ப்பார், ஊர்க்காரர் அங்கேயே இருப்பார்.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "இது பொண்ணுங்க விஷயம்" என்று இதுவரை படித்துக்கொண்டிருந்தால், கிஜுபாய் பதேக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். குஜராத்காரர், வக்கீல். நல்ல தொழிலை விட்டுவிட்டு 1920-இல் பாவ்நகரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி தொடங்கினார். தாராபாயும் அங்கே அவரோடு வேலை செய்தவர்தான். கிஜுபாய்க்குக் கிடைத்த செல்லப் பெயர் 'மீசை வைத்த அம்மா'. அதை விடப் பெரிய பட்டம் ஓர் ஆண்மகனுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

குளுவாங்கில் என்ன செய்யலாம்?

நம் கோயில் மண்டபங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் காலியாகத்தான் கிடக்கின்றன. அங்கே ஒரு மையம் தொடங்கலாமே என்று உடனே தோன்றும். ஆனால் அவசரப்பட்டால் நடக்காது. தீயணைப்புத் துறை, நகராண்மைக் கழகம், சுகாதார இலாகா மூன்றும் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன்னால், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கட்டடம் கட்ட நமக்கு நன்கொடை கிடைக்கும், கல்வெட்டில் பெயர் போடலாம். ஆளை உருவாக்கக் காசு கேட்டால்தான் கை பின்னால் போகிறது, ஏனென்றால் மனிதர் மேல் கல்வெட்டு வைக்க முடியாது.

இன்னொரு கேள்வி வந்தது. "நாம படிக்க வச்சி, அந்தப் பொண்ணு ஜோகூர் பாருக்கோ சிங்கப்பூருக்கோ போயிட்டா?" ரெண்டு வருஷம் இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கலாம் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வறுமையில் இருக்கும் பிள்ளைக்குக் கல்வி கொடுத்துவிட்டு, அதையே சங்கிலி ஆக்கினால் அது தர்மம் அல்ல. நம் முன்னோர் கப்பல் ஏறி வந்தபோது போட்ட கையெழுத்தும் அப்படிப்பட்டதுதானே! ஆளைக் கட்டி வைப்பதற்குப் பதிலாக, இருக்கும்படியான சம்பளத்துக்கு நாம்தான் பொறுப்பு ஏற்க வேண்டும். வசதி உள்ள பத்துக் குடும்பங்கள், மாதம் அறுபது வெள்ளி என்று ஒரு ஏழைக் குழந்தையின் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால், மேலே நான் போட்ட கணக்கில் ஒரு முடிச்சு அவிழும். கோயிலில் ஒரு நாள் உபயத்துக்கு நாம் இதைவிட அதிகம் கட்டுகிறோம். உபயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவும் ஓர் உபயம்தான் என்கிறேன்.

பின் வரிசை அத்தையை மறந்துவிடக் கூடாது. புதுப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறோம் என்று அவரைச் சட்டத்தைக் காட்டி ஒதுக்கினால், அது இன்னோர் அநியாயம். அவருக்கு முதல் உதவி சொல்லிக் கொடுக்கலாம். நான்கு முதல் ஒன்பது பிள்ளைகள் வரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளப் பதிவு முறை இருக்கிறது. அந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கவும், இலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் நம் இளைஞர்களால் முடியும். மலாய் படிக்கத் தெரிந்த, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒரு தம்பி போதும்.

அடுத்த மாதக் கூட்டம்

அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. டியூசன் பணத்தைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு பேரை அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. மூன்று பேருக்குக் காசு போதவில்லை. அங்கிள் எதிர்த்துத்தான் கை தூக்கினார். எஸ்.பி.எம். பிள்ளைகளின் காசைத் தொடக் கூடாது என்பது அவர் கட்சி, அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் அந்தத் தங்கையைக் கூப்பிட்டு, பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளைத் தன் வேனில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கூடவே, "அந்த ஆயா பேர விசாரிச்சிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார்.

இரண்டு பேரால் குளுவாங்கின் குறை தீராது. விதியின்படி பார்த்தால், அவர்கள் கையில் ஆறு கைக்குழந்தைகள்தான் இருக்க முடியும். ஆறு குழந்தை, ஆறு அம்மா. அந்த ஆறு வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா அப்பா வேலைக்குப் போன நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டது யார்? பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறார்? உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.